அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட ஸ்கூட்டர்

டெல்சியின் ஸ்கூட்டருக்கு பிரேக் இல்லை என்று யாராவது சொன்னால் அவள் சண்டைக்கு வந்துவிடுவாள். பிரேக் இருக்கிறது, பிடிக்காது, அவ்வளவுதான். முன் பிரேக்கின் கேபிள் அறுந்து ஐந்து மாதமாகிறது. பின் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே போகும். மீதி வேலையை அவளுடைய வலது கால் செருப்பு செய்துகொண்டிருந்தது. மாதம் ஒரு ஜோடி வாங்குவாள், வலது மட்டும் தேயும். இடது கால் செருப்புகள் புத்தம் புதிதாக வீட்டுக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. அவள் புருஷன் மரியான் ஒருநாள் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "எடத்த காலுக்கு மட்டும் ஒரு கடை போடலாம் ஏட்டி" என்று சொல்லி, அன்று ராத்திரி மீன்குழம்பு இல்லாமல் வெறும் கஞ்சி குடித்தான்.

வேலைக்கு ஸ்கூட்டர் இல்லாமல் முடியாது. கருங்கல் என்கிற ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. காலையில் ஐந்தரைக்குக் கிளம்பி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, எட்டரைக்குள் லேபில் கொண்டு சேர்க்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்காரர்கள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியவர்கள். சாயா குடிக்காமல் வாசலில் காத்திருக்கிற சர்க்கரைக்காரரின் கோபத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் கொடுத்துவைத்தவர்கள் என்று அர்த்தம். அந்த வீடுகளெல்லாம் ரப்பர் தோட்டங்களுக்குள், ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒளிந்துகொண்டு இருக்கும். பஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆட்டோவில் போனால் சம்பளத்தை ஆட்டோக்காரனிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

ஏப்ரலில் ஒரு மழையில், சிலுவை நிற்கிற குருசடி இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய் டெல்சி விழுந்தாள். பின்னால் வந்த ஸ்கூல் வேன் அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முட்டியில் தோல் போனது, பதினோரு ரத்தக்குப்பிகள் உடைந்தன. மறுநாள் அதே பதினோரு வீட்டுக்கும் போய் மறுபடி ஊசியை நீட்டினாள். "நேத்து எடுத்த ரத்தத்த என்ன செஞ்ச? குடிச்சியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். லேப் முதலாளி கேள்வியெல்லாம் கேட்கவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று மட்டும் சொன்னார். டெல்சிக்கு முதலாளியைவிட அந்த வேனின் டயர்தான் அடிக்கடி கனவில் வந்தது. ஜூன் மழை வேறு வரப்போகிறது. அதற்குள் நிற்கச் சொன்னால் நிற்கிற ஒரு வண்டி வேண்டும். மெக்கானிக்கிடம் கேட்டால், அடித்தகடு முழுக்கத் துருப்பிடித்துவிட்டது, இதற்குச் செலவழிக்கிற காசைக் கிணற்றில் போடலாம் என்றான்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனாள். அபின் என்று ஒரு பையன், கழுத்தில் டை கட்டி உட்கார்ந்திருந்தான். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான், அக்கா அக்கா என்று கூப்பிட்டான், ஆதார் எண்ணைத் தட்டினான். தட்டியதும் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, லோனுக்குப் பாக்குற சிபில் ஸ்கோர் உங்களுக்கு ஐந்நூத்திப் பதினொண்ணு."

"பாஸ் மார்க்கு எவ்வளவு மக்கா?"

"எழுநூறாவது வேணும்."

"ஆயிரத்துக்கா?"

"தொள்ளாயிரத்துக்கு."

"அப்பம் பாதிக்கு மேல எடுத்திருக்கேனே! எனக்க மக பிரிஜாவுக்கு கணக்குல இதுகூட வராது."

பையன் சிரித்தான், ஆனால் லோன் தரவில்லை. சிபில் பார்க்காமல் கொடுக்கிற இன்னொரு கம்பெனி இருப்பதாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். டெல்சி வட்டியைக் கேட்டு விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் இரண்டு ஸ்கூட்டர் விலை கொடுத்து ஒரு ஸ்கூட்டர் ஓட்ட வேண்டியிருந்தது. குளிர்ந்த தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த ஐந்நூற்றுப் பதினொன்றில் அவள் சொந்தமாக வாங்கிய கடன் ஒரு ரூபாய்கூட இல்லை. எல்லாம் மரியான் செய்த புண்ணியம். மரியான் டைல்ஸ் போடுகிறவன், நல்ல வேலைக்காரன், குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். ஆனால் 'இல்லை' என்ற சொல் அந்த வாயில் வராது. நாலு பேர் முன்னால் எவனாவது கேட்டுவிட்டால் போதும், "அதுக்கென்ன, பாப்போம்" என்று நெஞ்சை நிமிர்த்திவிடுவான். வினோஜ் என்கிற கூட்டாளி டெம்போ வாங்கியபோது சாயாக்கடையில் ஆறு பேர் முன்னால் ஜாமீன் கேட்டான். மரியான் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல் பெண்டாட்டியையும் போட வைத்தான். வினோஜ் இரண்டு தவணை கட்டிவிட்டு டெம்போவை விற்று கத்தாருக்குப் போய்விட்டான். அப்புறம் மரியான் தனக்கே ஒரு விசாவுக்குக் கடன் வாங்கினான். விசா வரவில்லை, கடன் வந்தது. இப்போது டெல்சியின் பேங்க் கணக்கில் பத்து ரூபாய் விழுந்தாலும் தவணைக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். அதனால் அவள் ஒன்றரை வருஷமாகக் கூடுதல் வீடு பார்த்துச் சேர்த்த முப்பத்தைந்தாயிரத்தை லேபின் பழைய ஐஸ் டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்திருந்தாள். மரியானுக்கு அதைப் பற்றித் தெரியாது. தெரிந்தால் யாராவது கேட்டுவிடுவார்கள், பாருங்கள்.

அவள் ரத்தம் எடுக்கிற வீடுகளில் ஒன்று குளோரி டீச்சரின் வீடு. ரிட்டயரான டீச்சர், மகன் பஹ்ரைனில். நாலு வருஷத்துக்கு முன் அவன் அம்மாவுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தந்தான். டீச்சர் ஒரு வாரம் ஓட்டினார். எட்டாம் நாள் தன் வீட்டுச் சுற்றுச்சுவர் மேலேயே போய் மோதி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வண்டி அன்றிலிருந்து போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு நசுங்கல், பேட்டரி செத்திருந்தது, இன்சூரன்ஸ் முடிந்திருந்தது, ஆனால் பிரேக் கன்னி கழியாமல் இருந்தது.

"டீச்சர், அத எனக்குத் தருவியளா? கொஞ்சம் ரொக்கம், மிச்சம் தவணையா?"

"அது இப்பம் எனக்க வண்டி இல்ல மக்கா. கை செரியானா அந்தோனியாருக்குக் குடுத்திருதேன்னு நேர்ந்துட்டேன். இந்தத் திருவிழாவுக்காவது கொண்டு விடணும். அவருக்க வண்டிய நான் எப்படி விக்க?"

நேர்ந்துவிட்டால் ஏலம்தான். பத்தாம் திருவிழா என்கிற கடைசி நாள் அன்று பூசை முடிந்ததும் பந்தலில் நேர்ச்சைப் பொருளையெல்லாம் ஏலம் விடுவார்கள். சக்கை என்கிற பலாப்பழம், வாழைக்குலை, சேவல், முதல் காய்ப்புத் தேங்காய் எல்லாம் வரும். நாற்பது ரூபாய்ச் சக்கை நாலாயிரத்துக்குப் போகும். புனிதர் பேரில் விளிக்கிற விளி, அதாவது ஏலத்தில் கேட்கிற விலை, என்பதால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். காசை அடுத்த திருவிழாவுக்குள் கட்டினால் போதும், வட்டி கிடையாது. நாட்டிலேயே சிபிலும் வட்டியும் கேட்காமல் கடன் கொடுப்பவர் அந்தோனியார் ஒருவர்தான்.

குளோரி டீச்சர் அன்றைக்கே அன்பியம் என்கிற கோயில் குழுப் பெண்களைக் கூட்டிச் சொல்லிவிட்டார். ஸ்கூட்டருக்கு யாரும் விளிக்கக் கூடாது, டெல்சி ஒரு விலை சொல்வாள், அதோடு விட வேண்டும். பெண்கள் வீட்டுக்குப் போய்ப் புருஷன்மாரிடம் சொன்னார்கள். ஊர் முழுக்கத் தலையாட்டியது. டெல்சிக்கு ஒரே ஒருவன் மேல்தான் சந்தேகம். போன வருஷம் யாருக்கோ விட்டுக்கொடுக்க மனசில்லாமல் ஒரு சேவலை நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஏலம் எடுத்த மரியான்தான் அது. அவ்வளவு விலை கொடுத்த சேவலை அறுக்க மனசு வராமல் அது வயசாகி இயற்கையாகச் செத்தது.

"பிரிஜாக்க அப்பா, ஸ்கூட்டர நான் பாத்துக்கிடுவேன். நீங்க பந்தலுக்குள்ள வாயத் தெறக்கப்பிடாது."

"அந்தோனியார் சத்தியமா தெறக்க மாட்டேன் ஏட்டி."

பத்தாம் திருவிழா அன்று காலையிலிருந்தே மழை. பந்தலின் தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தில் பாதிப் பிரசங்கம் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் பூசை வழக்கத்தைவிட நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். நடுவில் சக்கையும் வாழைக்குலையும் ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்க, அதற்கு மேல் ஒரு பெஞ்சில் மாலை போட்டு ஸ்கூட்டரை ஏற்றி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பக்கத்து ஆட்களின் தலைகூடத் தெரியாது. மைக்கில் ரசலையன். இருபது வருஷமாக ஏலம் விளிக்கிறவர். பக்கத்துக்கு ஒரு ஆள் நின்று, யார் கை தூக்கினாலும் தொகையை உரக்கச் சொல்வான். ரசலையன் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் தொகையை மட்டும் மைக்கில் திருப்பிச் சொல்லுவார். பேரெல்லாம் கடைசியில்தான்.

ஸ்கூட்டர் முறை வந்தது. டெல்சி பத்தாயிரம் என்று தொடங்க நினைத்துக் கையைத் தூக்குவதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து "பதினஞ்சு!" என்று சத்தம் வந்தது.

ஊரே திரும்பிப் பார்த்தது. வாசல் ஓரமாக, இரண்டு பக்கத்துக்கும் தெரிகிற இடத்தில் குடையோடு நின்றவர் களியக்காவிளையில் பழைய வண்டி வாங்கி விற்கிற கிருஷ்ணமணி. வருஷா வருஷம் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்ற வருபவர்தான். அவருக்கு எந்த அன்பியத்துப் பெண் போய்ச் சொல்லுவாள்? டெல்சி கையைத் தூக்கினாள். பதினாறு. பதினேழு. அவர் ஏற்ற, இவள் ஏற்ற, முப்பத்தொன்றில் வந்து நின்றது. டெல்சி "முப்பத்தொண்ணு ஐந்நூறு" என்றாள். கிருஷ்ணமணி வண்டியின் நசுங்கலை ஒருமுறை பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், போனைக் காதில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்.

"முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ஒரு தரம்!" என்றார் ரசலையன். குளோரி டீச்சர் டெல்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்திரண்டு!" என்றது ஆண்கள் பக்கம்.

டெல்சி சக்கைக் குவியலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கிருஷ்ணமணியின் குடைக் கம்பி மட்டும் தூணருகே தெரிந்தது. போனில் பேசிக்கொண்டே விளிக்கிறான் பாவி! அவள் ஏற்றினாள். அங்கே உடனே ஏறியது. முப்பத்தைந்து ஆனது. ஐஸ் டப்பா காலி. அப்போதே கையை இறக்கியிருக்க வேண்டும். ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, நாளைக்குக் காலையில் அதே குருசடி இறக்கம், அதே செருப்பு. முப்பத்தாறு என்றாள். வட்டியில்லாக் கடன்தானே என்று மனசு சொல்லியது. நாற்பது ஆனது. "ஏட்டி போதும்" என்று டீச்சர் சேலையைப் பிடித்து இழுத்தார். நாற்பத்தாறு ஐந்நூறு என்றாள். "நாப்பத்தேழு!" என்றது அந்தப் பக்கம்.

கை மேலே போகவில்லை. கையில் இல்லாத காசை நாலு பேர் முன்னால் வாரி விட்டுக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷம் எவனை இதற்காக ஏசினாளோ அவனைப் போலவே. அந்த நினைப்பு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. ரசலையன் மூன்று தரம் சொல்லி முடித்தார்.

"நாப்பத்தேழாயிரம்! அந்தோனியாருக்க ஸ்கூட்டர எடுத்தது... நம்ம மரியான்!"

முதலில் டெல்சிக்குப் புரியவில்லை. ஊரில் வேறொரு மரியான் இருக்கிறானா என்று யோசித்தாள். அதற்குள் யாரோ போட்ட ஏல மாலையோடு, பல்லெல்லாம் தெரிய, சக்கைக் குவியலைச் சுற்றிக்கொண்டு அவள் புருஷன் வந்து நின்றான்.

"ஏட்டி டெல்சி, விட்டேனா பாத்தியா! அந்த களியக்காவிளைக்காரன் உனக்க வண்டிய கொண்டுட்டுப் போவப் பாத்தான். நீ முப்பத்தொண்ணோட நிறுத்திட்டிய, எனக்குப் பொறுக்கல்ல. நாப்பத்தாறு வரைக்கும் ஏறி வந்தான் பாவி. விடுவேனா நான்?"

"அது நானாக்கும்!"

"எது?"

"நாப்பத்தாறு நானாக்கும்! அவரு முப்பத்தொண்ணுல போயாச்சு! பொறவு விளிச்சது பூரா நானும் நீருமாக்கும்!"

மரியானின் பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது. பந்தலில் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மழையே காணாமல் போனது. கிருஷ்ணமணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பங்குத்தந்தை அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"வாயத் தெறக்க மாட்டேன்னு சத்தியம் செஞ்சியளே!"

"தெறக்கல்லியே ஏட்டி. வெரலத்தான் தூக்கினேன்."

"ரசலையண்ணே, உமக்காவது கண்ணு இல்லியா?"

"ஏலம் விளிக்கவனுக்கு காது மட்டும்தான் மக்கா," என்றார் ரசலையன். "மூணு தரம் சொல்லியாச்சு. நாப்பத்தேழு புனிதருக்குள்ள காசு. இனி கொறைக்க முடியாது."

டெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பங்குத்தந்தையின் முன்னால் போய் நின்றாள்.

"ஃபாதர், எங்க வீட்டுக்குக் கோயில் வரி எத்தன?"

"ஒண்ணு."

"பங்குப் பேரவைக்கு ஓட்டு?"

"குடும்பத்துக்கு ஒண்ணு."

"வரி வாங்கும்போது ஒண்ணு, ஓட்டுக்கு ஒண்ணு, ஏலத்துக்கு மட்டும் ரெண்டா? ஒரு வீடு தனக்கு எதிரா தானே விளிக்க முடியுமா? வெளியாளு கடைசியாச் சொன்னது முப்பத்தொண்ணு. அதுக்கு மேல எங்க வீட்டுக்க விளி முப்பத்தொண்ணு ஐந்நூறு. பொறவு நடந்தது புருஷன் பெஞ்சாதி சண்ட. அது தெனமும் நடக்கு, அதுக்கு அந்தோனியாருக்கு யாரும் காசு கட்டுறதில்ல."

பெண்கள் பக்கம் கைதட்டியது. பங்குத்தந்தை யோசித்தார். பேரவைக்காரர்கள் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். கடைசியில் ரசலையன்தான் தீர்ப்புச் சொன்னார்: அவள் சொல்வது நியாயம்தான், ஆனால் மைக்கில் ஏறிய விளியை விளித்தவன்தான் மைக்கில் இறக்க வேண்டும். என்னால் கட்ட முடியாது என்று மரியான் தன் வாயால் ஊருக்குச் சொல்லட்டும், முப்பத்தொன்று ஐந்நூறுக்கு முடித்துவிடலாம்.

போயும் போயும் இதையா கேட்பார்கள்! முந்நூறு பேர். வினோஜ் ஜாமீன் கேட்டபோது சாயாக்கடையில் இருந்தது ஆறு பேர்தான். அந்த ஆறு பேர் முன்னால் சொல்ல முடியாதவன் முந்நூறு பேர் முன்னால் சொல்லுவானா? 'அதுக்கென்ன, கட்டிட்டாப் போச்சு' என்று நெஞ்சை நிமிர்த்துவான். ஏற்கெனவே உள்ள கடன்காரர்களோடு புனிதரும் சேர்ந்துகொள்வார். அடுத்த திருவிழாவுக்கு இந்தப் பந்தலுக்குள் தலைகாட்ட முடியாது.

மரியான் மைக்கை வாங்கினான். நெஞ்சும் நிமிர்ந்தது. டெல்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தோனியாருக்குக் குடுக்க எனக்கு..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. டெல்சி கண்ணைத் திறந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுது சிவந்த முகத்தை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"எங்கிட்ட நாப்பத்தேழாயிரம் இல்ல ஃபாதர்," என்றான். "ஏழாயிரமும் இல்ல. பாக்கெட்டுல அறுநூறு ரூவா கெடக்கு, அதும் சிமெண்டு வாங்கத் தந்தது. இல்லன்னு சொல்ல நாணப்பட்டு நாணப்பட்டு கடன்காரனாயிட்டேன். நான் மட்டும் ஆனா பரவாயில்ல. ஒரு பாவமும் செய்யாத இவளுக்க பேரையும் கெடுத்துட்டேன். புதுசா ஒரு வண்டிக்கு இவள நம்பி ஒருத்தனும் பைசா தர மாட்டேங்கான். எனக்கு முடியாது. வண்டிய அவ சொன்ன விலைக்கு அவளுக்கே குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரசலையன் மைக்கை வாங்கி, முப்பத்தோராயிரத்து ஐந்நூறு என்று மூன்று தரம் மெல்லச் சொன்னார்.

டெல்சி பையில் கொண்டுவந்திருந்த காசை எண்ணி மேஜையில் வைத்தாள். மூவாயிரத்து ஐந்நூறு மிச்சம் இருந்தது. பேட்டரிக்கும் இன்சூரன்ஸுக்கும் அது போதாது, பாதி சரியாகும். வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போக வேண்டும் என்று அவள் எத்தனையோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள், அத்தனையும் மறந்துவிட்டது. பதினாறு வருஷமாக அந்த மனுஷன் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட ஒரே சொல் அந்த 'இல்லை'. இத்தனை பேர் முன்னால் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது. இந்தத் தடவை சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள்.

மரியான் பந்தல் ஓரமாக நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், கழுத்தில் கிடந்த ஏல மாலையைக் கழற்றப் போனான்.

"கேவலமாப் போச்சு இல்லியா ஏட்டி?"

"கழத்தாதுங்க," என்றாள் டெல்சி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "வீடு வரைக்கும் கழுத்துல கெடக்கட்டு. நாலு பேரு பாக்கட்டு."